மூளைக்குள் ஒரு நிக்கல் வலை

கவரிங் கம்மல் போட்டால் காது அரித்துப் புண்ணாகும் ஒருவருக்கு, மூளை ரத்தக்குழாயில் உலோக ஸ்டென்ட் வைக்கலாமா? நியாயமான கேள்வி இது.

மூளைத் தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, பழைய சைக்கிள் டியூப் போலப் புடைப்பதுதான் அனியூரிசம். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்பின் வாயை மறைத்தாற்போல் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை விரிக்கிறார்கள். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘பைப்லைன்’ ஸ்டென்ட், முடியைவிட மெல்லிய 48 இழைகளால் பின்னப்பட்டது. புடைப்புக்குள் பாயும் ரத்தத்தின் வேகத்தை அது குறைக்கிறது. உள்ளே ரத்தம் உறைய, வலைமேல் புதிய உட்படலம் வளர்ந்து மூடிவிடுகிறது.

பைப்லைனின் கோபால்ட்-குரோமியக் கலவையில் நிக்கலும் உண்டு. வேறு பல ஸ்டென்ட்டுகள் நிட்டினாலால் ஆனவை. அதன் எடையில் ஏறத்தாழ 55 சதவீதம் நிக்கல், மீதி டைட்டானியம். சுருக்கிக் குழாய்க்குள் அடைத்தாலும் வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்கு விரிவதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கம்மலால் காது அரிப்பதற்குப் பெரும்பாலும் காரணமான நிக்கல் ஒவ்வாமை, டி-செல்கள் என்னும் வெள்ளணுக்களின் வேலை. உலோகம் பட்டு ஓரிரு நாள் கழித்தே தோல் சிவக்கும். நிட்டினாலின் மேற்பரப்பில் படியும் டைட்டானியம் ஆக்சைடு படலம், நிக்கல் கசிவதைப் பெரிதும் தடுக்கிறது. அதனால் தோல் ஒவ்வாமை உள்ள பலருக்கும் ஸ்டென்ட்டால் தொல்லை வருவதில்லை. அபூர்வமாகச் சிலருக்கு, சில வாரங்களோ மாதங்களோ கழித்து, ஸ்டென்ட் வைத்த பக்கத்து மூளையில் வீக்கம் தோன்றி, தலைவலி, கைகால் பலவீனம், வலிப்பு வந்ததுண்டு. அதற்கு உலோகம் காரணமாகலாம். செலுத்திய குழாயின் பூச்சிலிருந்து உதிர்ந்த துகளும் காரணமாகலாம். ஸ்டீராய்டு மருந்தால் பெரும்பாலும் வீக்கத்தைத் தணிக்க முடிகிறது. ஆனால், உட்படலம் மூடிய ஸ்டென்ட்டைக் கழற்ற அநேகமாக வழியில்லை.

ஆகவே, யோசிக்க வேண்டியது முன்கூட்டியே. அவசரமில்லாத நிலையில் பேட்ச் டெஸ்ட் செய்யலாம்: நிக்கல் கலந்த களிம்பை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்து, எடுத்ததும் ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து மறுமுறை பார்ப்பார்கள். இது தோலின் பதில்தான். ரத்தக்குழாயின் பதிலை உறுதியாகச் சொல்லாது. ஒவ்வாமை கடுமையானால், புடைப்பின் அமைப்பைப் பொறுத்து, பிளாட்டினம் சுருள்களால் அடைப்பதையோ, அறுவை செய்து டைட்டானியம் கிளிப் போடுவதையோ மருத்துவர் பரிசீலிக்கலாம்.

கம்மல், வாட்ச் பட்டை, ஜீன்ஸ் பொத்தான் எது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டென்ட் வைத்த பின் தடிப்பு வந்தால், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். தடிப்புக்கு மாத்திரையேகூடக் காரணமாகலாம். ஆனால் அதைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.