மல்லிகையை வெட்டினால்தான் பூ வரும்



நம்ம மணமேல்குடி பக்கம் பல வீட்டு வாசலில் ஒரு குண்டுமல்லிச் செடி நிற்கும். பச்சைப்பசேல்னு படர்ந்திருக்கும். ஆனால் தலைக்கு வைக்க நாலு மொட்டு தேறாது. வீட்டில் செடி இருந்தும் வெள்ளிக்கிழமையானால் கடையில் முழம் போட்டுப் பூ வாங்குகிறோம். "ராசியில்லாத செடி"ன்னு பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. குறை செடியில் இல்லை. வருஷம் ஒரு தடவை அதை வெட்டிவிடாததுதான் பெரும்பாலும் காரணம்.

ஏன் வெட்ட வேண்டும்?

மல்லிகையை ஒரு தடவை நட்டால் பத்து வருஷத்துக்கு மேல் நிற்கும். ஆனால் மொட்டு வருவது புதுசாகத் துளிர்க்கும் குச்சியில்தான். முற்றிய பழைய கிளை இலையை மட்டும் சுமந்துகொண்டு நிற்கும். பழையதை வெட்டினால் புதுத் துளிர், புதுத் துளிரில் மொட்டு. இதைத்தான் கவாத்து என்கிறோம்.

எப்போது, எப்படி?

நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகையில், மழை விட்ட நாளாகப் பார்த்து வெட்டுங்கள். தரையிலிருந்து 50 செ.மீ., ஒரு முழத்துக்குச் சற்று மேலே விட்டு, மீதியைக் கூரான கத்தரியால் வெட்டிவிடலாம். காய்ந்த குச்சி, நோய் கண்ட குச்சி, உள்ளே நெருக்கமாக இருக்கும் குச்சி எல்லாம் போகட்டும். மொட்டையாக நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்காதுதான். பயப்பட வேண்டாம், துளிர் வரும். மாசி, பங்குனியில் மொட்டும் வரும்.

வெட்டியதும் செடியைச் சுற்றிக் கொத்திவிட்டு, 10 கிலோ மக்கிய தொழுவுரம் வையுங்கள். ஆனி, ஆடியில் இன்னொரு தடவை உரம் கொடுத்தால் பூ ஓயாது.

நம்ம மணலில் வருமா?

இதே கடற்கரையில் தெற்கே போனால் இராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் இருக்கிறது. மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர். அந்த மணல் பூமியில் வளர்ந்த நாற்று வெளிமாநிலங்களுக்கும் போகிறது. அதனால் மணலைக் குறை சொல்ல வேண்டாம். மல்லிகைக்கு ஆகாதவை மூன்று: உப்புத் தண்ணீர், வேரில் தேங்கும் தண்ணீர், நிழல்.

புதுசாக நடுகிறவர்கள், நாள் முழுக்க வெயில் படும் இடத்தில் ஒரு அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். கண்மாய் வண்டலும் தொழுவுரமும் கலந்து நிரப்பி நடுங்கள். செடிக்குச் செடி நாலு அடி இருக்கட்டும். போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அதை ஊற்றாதீர்கள், இலை ஓரம் கருகிப்போகும். அரிசி கழுவிய தண்ணீர், குடிதண்ணீரில் மிஞ்சியது ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

நல்ல தண்ணீருக்கு வழியே இல்லாத வீட்டில் அரளி வைக்கலாம். அது உப்பை ஓரளவு தாங்கும். ஆனால் அரளியின் இலை, பூ, வேர் எல்லாமே விஷம். ஆடு மேயும் இடத்திலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வைக்கக் கூடாது. வெட்டிய கிளையையும் ஆட்டுக்கு எட்டும்படி போடாதீர்கள்.

மொட்டில் ஓட்டை விழுந்தால்

அது மொட்டுப்புழு. ஓட்டை விழுந்த மொட்டைப் பறித்து அழித்துவிடுங்கள். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டித் தெளியுங்கள். அதிலும் அடங்காவிட்டால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

ஒரு செடி பல செடியாக

பூக்கிற செடியின் கிளையை வளைத்து, நடுப்பகுதியை மண்ணில் புதைத்துப் பதியம் போடுங்கள். வேர் பிடித்ததும் வெட்டி எடுத்து, குழுவில் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள். நாற்றுக்குக் காசு செலவில்லை.

சேமிப்புக்கு நோட்டு வைத்திருக்கிறோம். பூவுக்குக் கொடுக்கும் காசை ஒரு மாசம் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கார்த்திகையில் கவாத்து செய்துவிட்டு, சித்திரையில் மறுபடியும் எழுதுங்கள். இரண்டு கணக்கையும் குழுக் கூட்டத்தில் வாசியுங்கள். வாசலில் நிற்கும் செடி எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று எல்லாருக்கும் தெரியட்டும்.