அரசி கொடுத்த பொற்காசு

பாலியல் வன்முறைக்குக் காமம்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் பெண்ணின் உடையும் அவள் வெளியே போன நேரமும் விசாரணைக்கு வருகின்றன. சீத்தலைச் சாத்தனார் இந்த நம்பிக்கையைப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் என்றோ தகர்த்துவிட்டார்.

காப்பிய நாயகி மணிமேகலையை விடாமல் துரத்திய இளவரசன் உதயகுமரன், காஞ்சனன் என்ற விஞ்சையனின் வாளுக்கு இரையாகிறான். மகனை இழந்த இராசமாதேவியின் துக்கம் மணிமேகலைமீது வஞ்சமாகத் திரும்புகிறது. அந்தக் கொலையை அடுத்துச் சிறையில் வைக்கப்பட்டிருந்தவளை நயமாகப் பேசித் தன்னிடம் வரவழைக்கிறாள். சித்தம் கலங்க மருந்து ஊட்டுகிறாள். அது பலிக்கவில்லை. ஓர் இளைஞனைக் கூப்பிட்டுப் பொற்காசு கொடுத்து, அவளைக் கெடுத்துவிட்டு ஊரறியச் சொல் என்று ஏவுகிறாள். மணிமேகலை மந்திரத்தால் ஆண் வடிவம் எடுக்க, அவன் மிரண்டு ஊரைவிட்டே ஓடுகிறான்.

ஏவியவளுக்கு வஞ்சம், ஏவப்பட்டவனுக்குக் காசு. காமம், வெகுளி, மயக்கம் என மூன்று தீய வேர்களைச் சொல்கிறது பௌத்தம். உதயகுமரனை ஆட்டியது காமம். அரசியை ஆட்டியது வெகுளி. கெடுக்கப்பட்டவளுக்கே அவமானம் என்று ஊர் நம்புவது மயக்கம். அந்த மயக்கம் இல்லாவிட்டால் அரசியின் சூழ்ச்சிக்கு வலுவே கிடையாது.

புத்தர் அந்த மயக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. சாவத்தி நகரில் உப்பலவண்ணை என்ற பிக்குணி பிச்சைக்குப் போன நேரத்தில், அவள்மீது ஆசை வைத்திருந்த ஒருவன் அவள் குடிலுக்குள் ஒளிந்துகொண்டான். அவள் திரும்பி வந்து, கால் கழுவி, கட்டிலில் உட்கார்ந்தபோது பாய்ந்து கெடுத்தான். செய்தி புத்தரிடம் போனது. அவள் இசையவில்லை, ஆகவே அவள்மீது குற்றமில்லை என்று தீர்த்தார் அவர். பிரம்மசரிய விரதத்தை உயிராகக் காத்த சங்கத்திலேயே இதுதான் தீர்ப்பு எனத் துறவிகளின் ஒழுக்க விதிநூலான விநயபிடகம் பதிவு செய்திருக்கிறது. செயலின் கனத்தைச் செய்தவரின் எண்ணத்தை வைத்து அளப்பது பௌத்த அறம். இசையாதவளிடம் அளப்பதற்கு என்ன இருக்கிறது?

நம் நாட்டில் பாதிக்கப்பட்ட பெண் முன்பே உடலுறவு கொண்டவளா என்று பார்க்க நடத்தப்பட்ட இரு விரல் சோதனை அவளுடைய கண்ணியத்தைக் குலைப்பது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013-இல்தான். அதன் பிறகும் அது தொடர்ந்ததால் 2022-இல் மீண்டும் கண்டிக்க வேண்டியிருந்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. வீட்டுத் திண்ணையும் டீக்கடையும் இன்னும் வரவில்லை.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி காதில் விழும்போது, அவள் ஏன் அங்கே போனாள் என்று கேட்காதீர்கள். அவன் ஏன் செய்தான், அவனை ஏவியது எது என்று கேளுங்கள்.