காமிராவின் உள்ளறிவைப் புதுப்பித்தல்

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டை அடைகிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இராஜ்யங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு இவ்வூர்களின் நடுவே விழுந்தபோதிலும் கொள்வினை கொடுப்பினை நின்றுவிடவில்லை. பாறசாலையில் மாப்பிள்ளை, மார்த்தாண்டத்தில் பெண் என்பது இன்றும் சர்வசாதாரணமே.

ஆகவே, இப்பகுதியில் கல்யாணப் படம் பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் முற்பகலில் ஒரு கோயிலிலோ மாதா கோயிலிலோ நின்று, பிற்பகலில் எல்லைக்கு அப்பால் உள்ள மண்டபத்துக்கு விரைய வேண்டியவராகிறார். அவருடைய முதல் எல்லாம் ஒரு காமிராவும் இரண்டொரு லென்ஸுகளுமே. கல்யாணமோ மறுமுறை நடப்பதன்று. தாலி கட்டும் நொடியில் காமிரா நின்றுபோனால், அந்த நொடியை மீண்டும் வரவழைக்க எவராலும் இயலாது.

இத்தகைய காமிராவின் உள்ளே இருக்கும் கட்டளைத் தொகுதியை ஒரு சிறு மெமரி கார்டின் உதவியால் மாற்றி எழுதலாம் என்று கேட்டதும் சிலர் அஞ்சுகின்றனர். சிலர் முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவிலேயே துணிந்து அதைச் செய்துவிடுகின்றனர். அச்சமும் வேண்டுவதில்லை, அளவு கடந்த துணிவும் வேண்டுவதில்லை. உள்ளே நிகழ்வது இன்னதென்று அறிந்துகொண்டால் போதும்.

தறியும் அட்டையும்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த பாலராமபுரம் கைத்தறிக்குப் பேர் பெற்றது. அங்குள்ள குழித்தறியில் சேலையின் வடிவம் நெசவாளியின் கையிலும் நினைவிலும் இருக்கிறது. ஆனால், 1804-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஜக்கார்டு என்பவர் அமைத்த தறியில், வடிவம் முழுவதும் துளையிட்ட அட்டைகளில் அடங்கியிருந்தது. தறியின் ஒரு மரத்தையும் மாற்றாமல், அட்டைகளை மட்டும் மாற்றிவிட்டால் வேறொரு பூவேலை நெய்யப்பட்டுவிடும்.

டிஜிட்டல் காமிராவும் இதைப் போன்றதே. லென்ஸ், ஒளியை மின்சாரமாக மாற்றும் உணரி, கணக்கிடும் சில்லு, பொத்தான்கள் ஆகியவை தறியின் இடத்தில் உள்ளன. எந்தப் பொத்தானை அழுத்தினால் எது நிகழ வேண்டும், லென்ஸ் எவ்வாறு குவிய வேண்டும், நிறங்கள் எவ்வாறு கணக்கிடப்பட வேண்டும் என்னும் கட்டளைகள் அட்டைகளின் இடத்தில் உள்ளன. இக்கட்டளைத் தொகுதிக்கே ‘ஃபர்ம்வேர்’ என்று பெயர். யந்திரம் என்னும் கடினமான பகுதிக்கும், நாம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் மென்பொருளுக்கும் இடைப்பட்டது என்னும் கருத்தில் ஆஷர் ஆப்ளர் என்பவர் 1967-இல் இச்சொல்லை வழங்கினார்.

1975-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவன் சாசன் அமைத்த முதல் டிஜிட்டல் காமிரா மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பதினாயிரம் புள்ளிகளால் ஆன ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. இன்றைய காமிரா ஒரு விநாடியில் பல படங்களைப் பதிகிறது. இத்துணைச் சிக்கலான வேலையைச் செய்யும் கட்டளைகளில் சில பிழைகள் தங்கிவிடுவது இயல்பே. அவற்றைத் திருத்தவும், புதிய லென்ஸுகளைக் காமிரா அறிந்துகொள்ளச் செய்யவும், புதிய வசதிகளைச் சேர்க்கவும் நிறுவனங்கள் அவ்வப்போது திருத்திய கட்டளைத் தொகுதியை வெளியிடுகின்றன.

ஒரு காமிராவின் வரலாறு

2008 செப்டம்பரில் கேனன் நிறுவனம் அறிவித்த இ.ஓ.எஸ். 5டி மார்க் 2 என்னும் காமிராவின் வரலாறு இங்கே நல்ல உதாரணமாகும். இரவுக் காட்சிகளில் பிரகாசமான விளக்குப் புள்ளிகளின் வலப்புறத்தில் சிறு கரும்புள்ளி தோன்றுவதாக அதை வாங்கியோர் கண்டனர். சரவிளக்குகள் தொங்கும் கல்யாணப் பந்தலில் இக்குறை எவ்வளவு தொல்லை தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் வெளியான 1.0.7 என்னும் திருத்தம் இதற்குப் பரிகாரம் அளித்தது. காமிராவின் ஓர் ஆணியும் கழற்றப்படவில்லை.

அதே ஆண்டு ஜூனில் வெளியான 1.1.0 திருத்தத்தால், சலனப்படம் எடுக்கும்போது ஒளியின் அளவைக் கையாலேயே கட்டுப்படுத்தும் வசதி கிடைத்தது. 2010 மார்ச்சில் விநாடிக்கு 24, 25 சட்டங்கள் எடுக்கும் வசதியும் சேர்ந்தது. நம் நாட்டில் இதற்குத் தனிப் பயன் உண்டு. நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஆகவே பழைய குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகிறது. 25 சட்டங்கள் எடுத்தால் ஒவ்வொரு சட்டத்துக்கும் சரியாக நான்கு முறை அமைகிறது. 30 சட்டங்கள் எடுத்தால் கணக்கு ஒத்துவராமல், படத்தில் மினுக்கம் தோன்ற இடமுண்டு.

ஆனால், 2010 மார்ச்சில் முதலில் வெளியான 2.0.3 என்னும் திருத்தத்திலேயே ஒலிப்பதிவு அமைப்போடு தொடர்புடைய ஒரு கோளாறு காணப்பட்டது. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று, சில நாட்களுக்குள் 2.0.4 என்னும் மறுதிருத்தத்தை வெளியிட்டது. திருத்தமே பிழைபடுவதும் உண்டு என்பது இதனால் விளங்கும். திருத்தம் வெளியான அன்றே அவசரப்படாமல், இரண்டொரு வாரம் பொறுத்திருப்பது தொழில் செய்வோருக்கு நலம்.

காமிராவின் உள்ளே நிகழ்வது

கட்டளைகள் காமிராவின் உள்ளே ‘ஃபிளாஷ்’ நினைவகத்தில் எழுதப்பட்டுள்ளன. மெமரி கார்டும் அதே இனத்தைச் சேர்ந்ததே. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் இதை உருவாக்கினார். நினைவுகள் ஒரே நொடியில் கூட்டமாக அழிவது காமிராவின் ஃபிளாஷ் விளக்கை நினைவூட்டியதால், அவருடைய தோழர் இப்பெயரைச் சொன்னார் என்பர். காமிராவிலிருந்து பெற்ற பெயர் காமிராவுக்கே திரும்பி வந்தது!

இந்நினைவகத்தின் ஒவ்வொரு சிற்றறையிலும் மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒரு பகுதி உண்டு. அங்கே சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் மின்சாரம் இல்லாதபோதும் பல்லாண்டுகள் வெளியேறா. எலெக்ட்ரான்களின் மிகுதியையும் குறைவையும் கொண்டே ஒன்று, பூஜ்யம் என்னும் எண்கள் குறிக்கப்படுகின்றன. ஆனால், இதில் ஒரு நியதி உண்டு. எழுதிய ஓர் எழுத்தை மட்டும் அழித்து எழுத இயலாது. ஒரு பெருந்தொகுதியை முழுவதும் அழித்த பின்னரே மீண்டும் எழுத இயலும்.

அபாயம் அனைத்தும் இந்நியதியில்தான் அடங்கியுள்ளது. பழைய கட்டளைகள் அழிக்கப்பட்டு, புதியவை முற்றும் எழுதப்படாத அந்தச் சில நிமிஷங்களில் மின்சாரம் அற்றுப்போனால், காமிராவில் பழைய அறிவும் இராது, புதிய அறிவும் இராது. பொத்தானை அழுத்தினால் என்ன செய்வது என்று அதற்கே தெரியாது. இதைத்தான் தொழில் செய்வோர் ‘காமிரா செத்துவிட்டது’ என்கின்றனர். சில காமிராக்களில் அழியாத ஒரு சிறு தொடக்கக் கட்டளை தனியே வைக்கப்பட்டிருப்பதால் மீண்டும் முயலலாம். மற்றவை பழுது பார்க்கும் நிலையத்துக்கே போக வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் காமிரா ஒரு சோதனையும் செய்துகொள்கிறது. கடைக்காரர் பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை எழுதிவைப்பார். மறுமுறை கூட்டும்போது தொகை மாறினால் எங்கோ பிழை என்று அறிவார். அவ்வாறே கட்டளைத் தொகுதியிலும் ஒரு சரிபார்ப்பு எண் வைக்கப்பட்டுள்ளது. மெமரி கார்டிலிருந்து படித்த தொகுதியின் எண் அதனோடு ஒவ்வாவிடில் காமிரா அதை ஏற்க மறுத்துவிடும். அவ்வாறு மறுப்பது குறையன்று. அது ஒரு பாதுகாப்பே.

செய்யும் முறை

முதலாவதாக, காமிராவின் பட்டியலில் இப்போதுள்ள ஃபர்ம்வேரின் எண்ணைக் குறித்துக்கொள்க. காமிராவின் பெயரையும் திருத்தமாக அறிதல் அவசியம். இப்பகுதியில் பல காமிராக்கள் வெளிநாடுகளில் பணிபுரியும் உறவினர் கொணர்ந்தவை. கேனன் 700டி என்று நாம் அழைப்பதே அமெரிக்காவில் ரெபல் டி5ஐ என்றும், ஜப்பானில் கிஸ் எக்ஸ்7ஐ என்றும் பெயர் பெறுகிறது. பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் வேறொரு காமிராவின் தொகுதியை எடுத்துவிடலாகாது.

இரண்டாவதாக, தொகுதியை அந்நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே பெறுக. நண்பர் செல்போனில் அனுப்பியதை ஏற்க வேண்டா. 2019 ஆகஸ்டில் செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர், கேனன் 80டி காமிராவினுள் வைஃபை வழியே புகுந்து, அதிலுள்ள படங்களைத் திறக்க இயலாதபடி பூட்டிக் காட்டினர். கேனன் நிறுவனம் எச்சரிக்கையையும் திருத்தத்தையும் வெளியிட்டது. நல்ல கட்டளை காமிராவைக் காக்கும். தீய கட்டளை அதையே சிறைப்பிடிக்கும்.

மூன்றாவதாக, மெமரி கார்டில் உள்ள படங்களை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்ட பிறகே, கார்டைக் காமிராவிலேயே ‘ஃபார்மாட்’ செய்க. இவ்வரிசை மாறினால் ஒரு குடும்பத்தின் கல்யாணமே அழிந்துபோகும். பழைய காமிராக்களுக்கு 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்த கார்டே ஏற்றது. அதற்கு மேற்பட்டவை வேறு முறையில் அமைக்கப்படுவதால் அவை அறிந்துகொள்ளா. ஃபார்மாட் செய்தல் வெறும் சடங்கன்று. 2004 ஜனவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி, அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் மிகுந்துபோனதால் தன்னைத்தானே மீண்டும் மீண்டும் அணைத்து எழுப்பிக்கொண்டிருந்தது. பூமியிலிருந்தபடியே பொறியாளர் அந்நினைவகத்தைத் துடைத்து அமைத்த பின்னரே அது சீரானது.

நான்காவதாக, தொகுதி சுருக்கிக் கட்டப்பட்டிருப்பின் கணிப்பொறியில் அதை விரித்து, கார்டின் முகப்பிலேயே வைக்க வேண்டும். படங்கள் இருக்கும் டி.சி.ஐ.எம். என்னும் உறைக்குள் வைத்தால் பெரும்பாலான காமிராக்கள் அதைக் காணமாட்டா. ‘திருத்தம் இல்லை’ என்று காமிரா சொல்வதற்கு மிகப் பெரும்பாலும் இதுவே காரணம். கோப்பின் பெயரையும் மாற்றலாகாது.

ஐந்தாவதாக, முழுவதும் மின்னேற்றிய, நிறுவனத்தின் சொந்தப் பாட்டரியைப் பொருத்தி, பட்டியலில் ஃபர்ம்வேர் என்னும் இடத்தைத் தேர்ந்து ஆணையிடுக. பின்னர் முடிந்தது என்னும் செய்தி வரும்வரை பொத்தான்களைத் தொடாமலும், கார்டின் மூடியைத் திறவாமலும் இருத்தல் வேண்டும். திரை சிறிது நேரம் இருண்டாலும் பதற வேண்டா.

காலமும் எச்சரிக்கையும்

துலா மாதத்தில், அதாவது நம் ஐப்பசியில், இப்பகுதியில் பிற்பகல்தோறும் இடியும் மின்னலும் மிகும். மின்சாரம் நிற்பதும் உண்டு. காமிரா பாட்டரியால் இயங்குமாயின் வீட்டு மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. சுவரிலுள்ள மின்சாரத்தில் அதை இணைத்து இவ்வேலையைச் செய்வதுதான் தவறு. தொகுதியைக் கணிப்பொறியில் இறக்கும் வேலையையும் காலை நேரத்தில் முடித்துக்கொள்வது நல்லது.

ஆடி மாதத்தை ஒட்டிய கர்க்கடக மாதத்தில் பெரும்பாலும் கல்யாணங்கள் நடப்பதில்லை. அதுவே காமிராவைப் புதுப்பிக்க ஏற்ற காலம் எனலாம். புதுப்பித்த பின் எல்லா லென்ஸுகளையும், ஃபிளாஷ் விளக்கையும், ஒலிப்பதிவையும் சோதித்து, நூறு படமாவது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வேறு நிறுவனத்தார் செய்த பாட்டரியைப் புதிய கட்டளை ஏற்காமற்போவதும் உண்டு; அதை அறிய வேண்டிய இடம் வீடே அன்றி மண்டபம் அன்று. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கும் முன் எல்லாம் தெளிவாகிவிடும்.

எல்லாத் திருத்தமும் எல்லோர்க்கும் வேண்டுவதன்று. தொகுதியோடு நிறுவனம் வெளியிடும் குறிப்பை முதலில் படிக்க வேண்டும். அதில் சொல்லிய குறை நம் காமிராவில் இருந்தாலோ, நம் லென்ஸுக்கு அது வேண்டியதாயினோ, பாதுகாப்புக்கென வெளியானதாயினோ செய்க. இல்லையேல், நன்றாக இயங்கும் காமிராவை இயங்கும்படி விட்டுவிடுதலும் அறிவுடைமையே. பொறுமையோடும் முறையோடும் செய்பவருக்கு அந்தச் சில நிமிஷங்கள் அச்சம் தரா. பழைய காமிராவே மேலும் சில ஆண்டுகள் அவருடைய குடும்பத்துக்குச் சோறிடும்.