குதிரை வாங்கப் போகிறீர்களா?

ஆடி மாதம் பிறந்தால் அந்தியூரில் குதிரைச் சந்தை!

ஈரோடு மாவட்டம் அந்தியூர் அருகே புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோவில் இருக்கிறது. ஆடித் திருவிழாவின்போது அங்கே மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும். திப்பு சுல்தான் காலத்திலிருந்தே இந்தச் சந்தை நடப்பதாக ஊரார் சொல்வார்கள். கத்தியவார் குதிரை, மார்வார் குதிரை, பால் போல வெளுத்த நொக்ரா குதிரை என்று பல தினுசு வரும். காதின் நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிறதா? அது மார்வார் அல்லது கத்தியவார் ஜாதி.

பூலாம்பாடி விவசாயி ஒருவர் அங்கே போய், ஆசைப்பட்டு ஒரு குதிரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு வருகிறார். தெருவே கூடி நிற்கிறது. பிள்ளைகள் குதிக்கிறார்கள். "என்னங்க, பயணம் வந்த குதிரை பசியோட நிக்குது பாருங்க" என்கிறாள் மனைவி. வீட்டிலே மக்காச்சோளம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. மாட்டுக்குப் போடுகிற மாதிரியே ஒரு படி அள்ளிப் போடுகிறார்.

அங்கேதான் ஆபத்து!

பூசணம் பிடித்த மக்காச்சோளம்

பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்குப் பேர்போனது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதிரில் பூசணம் பூக்கும். களத்தில் சரியாகக் காயாமல் மூட்டை கட்டினாலும் பூக்கும். இந்தப் பூசணங்களில் ஒரு வகை, தானியத்துக்குள் ஒரு நஞ்சைச் சேர்த்து வைக்கிறது. மாடு அந்த நஞ்சை ஓரளவு தாங்கும். குதிரை தாங்காது.

அது நேராகக் குதிரையின் மூளையைப் பாதிக்கிறது. மூளையின் ஒரு பகுதி இளகிக் கூழ் போல ஆகிவிடுகிறது. தீனி எடுக்காது. உதடு தொங்கும். கண் தெரியாமல் சுவரில் போய் முட்டும். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். இந்த அறிகுறிகள் வந்த பிறகு குதிரை பிழைப்பது அரிது. ஒன்றிரண்டு நாளிலேயே செத்துப் போகலாம். இதற்கு மாற்று மருந்தும் கிடையாது. "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதால் பலன் இல்லை. மீதமிருக்கும் தீனியை உடனே நிறுத்தி, கால்நடை டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு விஷயம். பார்வைக்கு நன்றாக இருக்கும் மணியிலும் இந்த நஞ்சு இருக்கலாம். உடைந்த மணி, சலித்த தூசி, அடிமூட்டைக் கழிவு ஆகியவற்றில்தான் அதிகம். "கழிவுதானே, குதிரைக்குப் போடு" என்று சொல்வது மகா தவறு.

கோழித் தீவனமும் அப்படியே. கோழிக்கு வரும் கழிச்சல் நோயைத் தடுக்க, சில தீவனங்களில் மொனன்சின் என்ற மருந்தைக் கலக்கிறார்கள். கோழிக்கு நல்லது. குதிரைக்கு அது இதயத்தைக் கெடுக்கும் விஷம். கோழிப் பண்ணையும் குதிரையும் ஒரே தோட்டத்தில் இருந்தால், தீவன மூட்டைகளை வேறு வேறு அறையில் வையுங்கள். தாளும் போடுங்கள்.

கோவில் நந்தவனத்து அரளியும் வேண்டாம். பூ, இலை, காய்ந்த சருகு எல்லாமே விஷம். இளஞ்சோளப் பயிரில் மாட்டை விடக்கூடாது என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். குதிரைக்கும் அதே கட்டுப்பாடு உண்டு.

மார்க்கோ போலோ பார்த்தது

குதிரைக்குத் தப்பான தீனி போட்டுக் கெடுப்பது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. சுமார் 730 ஆண்டுகளுக்கு முன் மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நாட்டு யாத்ரீகர் நம் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கடலோரத்திலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்குவதைப் பார்த்தார். ராஜா ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவாராம். ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம்!

ஏன்? சோறும் மாமிசமும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை வியாபாரிகள் வைத்தியரை அழைத்து வருவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு வியாபாரம்!

அவர் சொன்ன கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் காரணம் சரியானது. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு குதிரை முன் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாட்டுக்கு வயிற்றில் நான்கு அறை. அது அசை போடும். குதிரைக்கு ஒரே ஒரு சின்ன இரைப்பை. அசை போடாது. வாந்தி எடுக்கவும் முடியாது. சோறு, மாவு, வெல்லம் என்று ஒரேயடியாகப் போட்டால் உள்ளே புளித்து வாயு சேரும். வயிற்று வலி வரும். அது தப்பினால் குளம்பின் உள்சதை வீங்கி, நிற்க முடியாமல் போகும்.

அப்படியானால் என்ன போடலாம்?

முதலில் புல். பிறகும் புல்! 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளில் சுமார் 5 அல்லது 6 கிலோ காய்ந்த புல் வேண்டும். அதையும் ஒரே தடவையாகப் போடாமல், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்க விடவேண்டும். ஓடி உழைக்கிற குதிரைக்குத்தான் கொள்ளு. அதை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுக்கலாம். ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் தானியம் வேண்டாம். சும்மா கட்டிக் கிடக்கும் குதிரைக்குக் கொள்ளைக் கொட்டினால் அது உங்களைத்தான் உதைக்கும்.

புதுத் தீனிக்கு மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் வாங்கும்போதே, "இதுவரை என்ன போட்டீங்க?" என்று விற்பவரைக் கேட்டு, அந்தத் தீனியிலேயே ஒரு மூட்டை வாங்கி வந்துவிடுவது புத்திசாலித்தனம். கூடவே ஒரு கட்டி உப்பு தொட்டியில் கிடக்கட்டும்.

தண்ணீர் ஒரு நாளில் 25 லிட்டரிலிருந்து 50 லிட்டர் வரை குடிக்கும். சித்திரை வெயிலில் இன்னும் கூடும். ஓடிக் களைத்த குதிரைக்குத் தண்ணீரே கொடுக்கக் கூடாது என்று பழைய காலத்தில் சொல்வார்கள். அது தவறு என்று இப்போது தெரிந்துவிட்டது. பத்து நிமிஷம் மெதுவாக நடத்திக்கொண்டே சிறிது சிறிதாகக் குடிக்க விடலாம். உடம்பிலும் தண்ணீர் ஊற்றலாம்.

பல்லும் குளம்பும்

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. பணம் கொடுத்து வாங்கும் குதிரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குதிரைக்கு இரண்டரை வயதில் கீழ் வரிசை நடுப் பல் இரண்டும் விழுந்து முளைக்கும். மூன்றரையில் அடுத்த ஜோடி. நாலரையில் கடைசி ஜோடி. ஐந்து வயதில் முன்பற்கள் எல்லாம் நிரந்தரப் பல்லாகிவிடும். இரண்டு வயதுக் குட்டியின் முதுகில் ஏறினால் அதன் எலும்பு கெடக்கூடும். நான்கு வயதாவது ஆகட்டும்.

அடுத்தது குளம்பு. "காலில்லையேல் குதிரையில்லை" என்று குதிரைக்காரர்கள் சொல்வார்கள். தினமும் நான்கு காலையும் தூக்கி, கொக்கியால் மண்ணையும் கல்லையும் எடுக்க வேண்டும். கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால், லாயத்தில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். லாடம் அடித்திருந்தாலும் அடிக்காவிட்டாலும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பைச் சீவ வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் எல்லோருக்கும் குதிரைக் குளம்பு தெரியாது. அனுபவம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடித்தால் படியுமா?

விராடன் அரண்மனையில் நகுலன் குதிரைக்காரனாக இருந்தான். நளன் உருமாறி, தேரோட்டியாக வேலை பார்த்தான். இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குதிரைப் பழக்கம் ஒரு கலை என்பது நமக்குப் புதிது அல்ல. கிரேக்க நாட்டில் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செனபன் என்ற படைத் தலைவர் குதிரை பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் போகவே கூடாது என்பது அவர் சொன்ன முக்கியமான விதி.

குதிரை மனிதனை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறது தெரியுமா? நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல் கணக்குச் சொன்னால் விடையைக் காலால் தட்டிக் காட்டும். உலகமே வியந்தது. 1907-ம் ஆண்டில் ஒரு விஞ்ஞானி சோதித்தார். குதிரைக்குக் கணக்குத் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் லேசாக அசைந்தது. அதைப் பார்த்துக் குதிரை நிறுத்திக்கொண்டது. அவ்வளவு நுட்பமான பிராணிக்குச் சாட்டை எதற்கு?

முதல் ஒரு வாரம் ஏறவே வேண்டாம். பக்கத்தில் நின்று பேசுங்கள். தேய்த்து விடுங்கள். பிறகு தலைக்கயிறு கட்டி நடத்துங்கள். கயிற்றை மெல்ல இழுங்கள். ஓர் அடி முன்னால் வைத்ததா? உடனே கயிற்றைத் தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. வந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், எதற்காக இழுக்கிறோம் என்று அதற்குப் புரியாது. ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் போதும். பிறகு நீளக் கயிற்றில் வட்டமாக நடத்துவது, பிறகு வெறும் சேணம், பிறகு ஆள். பட்டாசுக்கும் மேளத்துக்கும் தூரத்திலிருந்தே பழக்க வேண்டும். பழக்காத குதிரையை மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தாரை தப்பட்டை சத்தத்தில் அது மிரண்டால், மாப்பிள்ளைக்கு மட்டுமா ஆபத்து? கூட்டத்தில் நிற்கும் குழந்தைகளுக்கும்தான்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு

குதிரையின் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. நேர் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. மூக்கின் நேர் முன்னாலும் கொஞ்ச இடம் தெரியாது. பின்னாலிருந்து தொட்டால் புலியோ, பூனையோ என்று பார்க்காது, உதைத்துவிடும்! குரல் கொடுத்துக்கொண்டே, இடது பக்கத் தோளை நோக்கி வர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் விரல் போகும். ஆளையும் இழுத்துப் போகும். அங்கவடியில் பாதத்தின் முன் பாகத்தை மட்டும் வைக்க வேண்டும். குதிகால் வரை நுழைத்தால், விழும்போது கால் சிக்கிக்கொள்ளும். தலைக்கவசம் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். 300 கிலோ குதிரை, சேணத்தோடு சேர்த்துச் சுமார் 60 கிலோதான் வசதியாகச் சுமக்கும். அப்பா, மகன், மருமகன் மூவரும் ஏறிப் படம் எடுத்துக்கொள்வது குதிரைக்குச் செய்யும் கொடுமை.

வயிற்று வலி வந்தால்

நல்ல குதிரையின் நாடி, ஓய்வாக நிற்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் தெரியும். நலமாக இருக்கும்போதே எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா? காலால் தரையைப் பறிக்கிறதா? சாணம் போடாமல், படுத்துப் புரள்கிறதா? அது வயிற்று வலி. நாடி 60-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

தீனியை எடுத்துவிடுங்கள். மூங்கில் குழாயில் விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால், வயிற்று வலியோடு போக வேண்டிய குதிரை மூச்சு முட்டிச் சாகும். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிடலாம். பெரிய சிகிச்சைக்கு நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

சின்னக் காயத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். ரணஜன்னிக் கிருமி லாயத்து மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். மற்ற கால்நடைகளைவிடக் குதிரையை அது சுலபமாகப் பிடிக்கும். குதிரைக்குத் தடுப்பூசி உண்டு. லாயத்தில் வேலை செய்கிறவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி என்றதும் ஒரு செய்தி. வயலில் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? சென்னைக்கு அருகே, 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய பாம்புகளின் விஷத்தை எடுக்கிறார்கள். மருந்துக் கம்பெனிகள் அதை வாங்கி, மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஏற்றுகின்றன. குதிரை சாவதில்லை. அதன் ரத்தத்தில் விஷத்தை எதிர்க்கும் சத்து ஊறுகிறது. அந்த ரத்தத்திலிருந்து பிரித்து எடுப்பதுதான் நம் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தச் சின்னப் புட்டி.