‘குடி’ உடைந்த கதை: எக்செல் மேக்ரோவும் துண்டு துண்டாக வரும் தமிழும்

போன மாதம் ஊர்ப்பெயர் ஈறுகளைப் பற்றி ஒரு குறிப்பு போட்டிருந்தேன். அதில் ‘குடி’ என்று முடியும் ஊர்களுக்கு நான் கொடுத்த எண்ணிக்கை தப்பு. ஏழு ஊர்கள் விடுபட்டுப் போயிருந்தன. பட்டியல் சரியாகத்தான் இருந்தது. அதை இணையத்திலிருந்து இறக்கிய என் எக்செல் மேக்ரோதான் கோளாறு. என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

முதலில் மேக்ரோவைச் சாதாரணமாகத்தான் எழுதியிருந்தேன். கோரிக்கையை அனுப்பு, பதில் வரும்வரை காத்திரு. விபிஏவுக்கு ஒரே ஒரு திரிதான். அது காத்திருந்தால் எக்செல் மொத்தமும் உறைந்து நிற்கும். பட்டியல் பெரிசு, சர்வரும் மெதுவு. திரை வெளுத்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்துவிடும். அதனால் வின்ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்டின் ‘ஓப்பன்’ கட்டளையில் மூன்றாவது மதிப்பை ‘ட்ரூ’ ஆக்கி, ஒரு கிளாஸ் மாட்யூலில் ‘வித் ஈவன்ட்ஸ்’ போட்டு அறிவித்தேன். இப்போது ‘சென்ட்’ உடனே திரும்பிவிடும். தரவு வர வர ‘ஆன் ரெஸ்பான்ஸ் டேட்டா அவெய்லபிள்’ என்ற ஈவன்ட் ஒவ்வொரு துண்டாகக் கையில் கொடுக்கும். நான் ஒவ்வொரு துண்டையும் எழுத்தாக மாற்றி, முந்தையதோடு ஒட்டிக்கொண்டே போனேன். வினை அங்கேதான்.

சர்வரும் துண்டு துண்டாகத்தான் அனுப்பியது. மொத்த நீளம் முன்கூட்டித் தெரியாதபோது ஹெச்டிடிபி 1.1-இல் இப்படிச் செய்யலாம்: ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவு பதினாறடி எண்ணில் வரும், கடைசியில் அளவு 0 என்று ஒரு துண்டு வந்தால் முடிந்தது. இந்த அளவு எண்களையெல்லாம் வின்ஹெச்டிடிபியே பிரித்து எடுத்துவிடுகிறது, நாம் தொட வேண்டியதில்லை. ஆனால் ஈவன்ட் தரும் துண்டு சர்வர் வெட்டிய துண்டாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பஃபரில் அந்த நேரத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வரும். அது எந்த பைட்டில் வேண்டுமானாலும் அறுபடலாம்.

ஆங்கிலத்துக்கு இது பிரச்சினையே இல்லை. யூடிஎஃப்-8-இல் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், எங்கே வெட்டினாலும் முழு எழுத்து. (இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்கள் எல்லாம் ஒழுங்காக ஓடுவது இதனால்தான்!) தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘குடி’ என்பது க, உகரக்குறி, ட, இகரக்குறி என நான்கு குறியீடு, ஆக 12 பைட். அதில் ‘ட’ மட்டும் 224, 174, 159. முதல் துண்டு 174-இல் முடிந்து அடுத்தது 159-இல் தொடங்கினால், இரண்டு பக்கமும் அரைகுறை. தனித்தனியாக மாற்றும்போது ‘ட’ போய் அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்காரும். கவுன்ட் ஃபார்முலாவுக்கு அது ‘குடி’ இல்லை. க-வுக்கும் உகரக்குறிக்கும் நடுவே அறுபட்டால் ஒன்றும் ஆகாது, ஒட்டினால் சேர்ந்துகொள்ளும். தொடர்ச்சியான தமிழில் ஒரு வெட்டு விழுந்தால் மூன்றில் இரண்டு தடவை எழுத்து உடையும்.

பைட்டை பைட்டாகவே சேர்த்து, ‘ஆன் ரெஸ்பான்ஸ் ஃபினிஷ்டு’ வந்த பிறகு ஒரே தடவை எழுத்தாக மாற்றினால் போதும். ஏடிஓடிபி ஸ்ட்ரீமை பைனரி வகையில் திறந்து எழுதிக்கொண்டே போய், முடிந்ததும் பொசிஷனை 0 ஆக்கி, வகையை டெக்ஸ்ட்டாகவும் சார்செட்டை யூடிஎஃப்-8 ஆகவும் மாற்றிப் படித்தேன். பொசிஷன் 0-இல் இல்லாவிட்டால் வகையை மாற்ற விடாது, அதில் எனக்கு அரைமணி நேரம் போச்சு. வர வரத் திரையில் காட்டியே ஆக வேண்டும் என்றால், கடைசியாக வந்த 10 என்ற பைட் வரை, அதாவது வரிமுறிப்பு வரை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அடுத்த துண்டுக்கு வைத்திருக்கலாம். தமிழ் எழுத்தின் பைட்கள் எல்லாமே 127-க்கு மேல், அதனால் 10 நடுவில் வந்து ஏமாற்றாது.

இன்னும் இரண்டு இடத்தில் கால் இடறினேன். ஆப்ஜெக்டை சப்-க்குள்ளேயே அறிவித்தால், சப் முடிந்ததும் அது அழிந்து கோரிக்கையும் அதோடு போய்விடும். அதை மாட்யூல் அளவில் வைக்க வேண்டும். அடுத்து, பதில் வருவதற்குள் பொறுமையில்லாமல் பட்டனை மறுபடி அமுக்கினேன், இரண்டு பதில்கள் ஒரே ஸ்ட்ரீமில் கலந்துவிட்டன. ‘வேலை நடக்கிறது’ என்று ஒரு பூலியன் வைத்து, ‘ஃபினிஷ்டு’, ‘எரர்’ இரண்டிலும் அதை விடுவிக்கிறேன். ‘எரர்’ வந்தால் அதுவரை சேர்ந்ததை ஷீட்டில் எழுதுவதே இல்லை. பாதிப் பட்டியல் முழுப் பட்டியல் மாதிரியே தெரியும், கண்டுபிடிக்கவே முடியாது.

புதிதாக இறக்கியதில் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை, ஏழு ‘குடி’களும் திரும்பி வந்துவிட்டன. பழைய குறிப்பைத் திருத்திவிட்டேன். ‘பட்டி’, ‘ஊர்’ இரண்டையும் இன்னும் மறுபடி எண்ணவில்லை. அதுவரை அந்த இரண்டு எண்களை யாரும் எடுத்தாள வேண்டாம்.