பண்ணைக்காட்டுக்கு அப்பால்: தலைச்சுமையில் இறங்கும் மகசூல்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் செல்லும் மலைச்சாலையில் ஊத்து என்ற இடத்தில் பிரியும் கிளைச்சாலை பண்ணைக்காட்டை அடைகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உயரமுள்ள இந்தக் கீழ்ப்பழனி மலைப்பகுதியில் காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம், சவ்சவ் ஆகியவை விளைகின்றன. பண்ணைக்காட்டுக்குப் பேருந்து வருகிறது, லாரி வருகிறது, வியாபாரியும் வருகிறார். ஆனால் பழனி மலையின் எல்லா ஊர்களுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. பளியர், புலையர் முதலான மலைமக்கள் வாழும் குடியிருப்புகள் பல, ஒற்றையடிப் பாதையின் கோடியிலேயே இருந்து வந்துள்ளன.

பெரியகுளத்துக்கு மேலே, கல்லாற்றைக் கடந்து செல்ல வேண்டிய சின்னூர், பெரியூர் குடியிருப்புகளை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் அக்கரை அக்கரையாகவே நின்றுவிடும். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணையும் பாம்பு கடித்தவரையும் டோலி கட்டித்தான் இறக்கியிருக்கிறார்கள். கும்பக்கரைக்கும் கொடைக்கானலுக்கும் இடையே மலைச்சரிவில் உள்ள வெள்ளகவியும் நெடுங்காலம் சாலை காணாத ஊர். அரிசியும் உப்பும் குதிரை முதுகில் ஏறின; காபியும் மிளகும் அதே குதிரை முதுகில் இறங்கின.

இம்மலைகளில் மக்கள் வாழ்வு புதியதல்ல. தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்துக் கல்திட்டைகளே அதற்குச் சாட்சி. பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரு பாதிரிமார் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. பளியர்கள் காட்டுவள்ளிக் கிழங்கு தோண்டியும், தேன் எடுத்தும், கடுக்காய், நெல்லிக்காய், கல்பாசி சேகரித்தும் வாழ்ந்தவர்கள். பின்னர் காபித் தோட்டங்களில் கூலிவேலைக்குச் சென்றனர். வீட்டைச் சுற்றிச் சொந்தமாகக் காபியும் மிளகும் வாழையும் வைத்திருப்போரும் உண்டு. நிலம் சிறிது, ஆனாலும் வருமானத்தைக் குறைப்பது நிலத்தின் அளவு மட்டுமல்ல, தலையில் ஏறும் பாரமும்தான்.

பப்புவா மலைநாட்டிலும் இதே கதை

இதே நிலையில் உள்ள மலை விவசாயிகள் கடலுக்கு அப்பாலும் இருக்கிறார்கள். பசிபிக் கடலில் உள்ள பப்புவா நியூகினியின் உள்மலைப் பள்ளத்தாக்குகளில் பெருந்திரளான விவசாய மக்கள் வாழ்வது 1930-களில்தான் வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அங்குள்ள கூக் என்ற சதுப்பு நிலத்தில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிடப்பட்டதற்குத் தடயங்கள் கிடைத்துள்ளன. 2008-ல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் தோட்டத்து வாழைக்கு அத்தீவு தூரத்துப் பிறந்தகம் என்று சொன்னாலும் தவறில்லை.

அம்மக்களின் அன்றாட உணவு சர்க்கரைவள்ளிக் கிழங்கு. தேவைக்கேற்ப நிலத்திலிருந்து தோண்டிக்கொள்கிறார்கள். எஞ்சியது பன்றிக்குப் போகிறது. பெண்கள் நூல்வலைப் பையை நெற்றியிலிருந்து முதுகில் தொங்கவிட்டுக் கிழங்கையும் விறகையும், சில வேளை குழந்தையையும் சுமக்கிறார்கள். 1997-ல் கடும் வறட்சியும் உறைபனியும் சேர்ந்து உயரமான இடங்களில் கிழங்குக் கொடியைக் கருக்கியபோது பல கிராமங்கள் பட்டினி கண்டன. ஒரே பயிரை நம்பி இருந்ததன் விளைவு அது.

அங்கே பணப்பயிர் காபி. பெரும்பகுதி சிறு விவசாயிகளின் கையில் உள்ளது. கைப்பல்பரில் தோல் நீக்கி, கழுவி, வெயிலில் உலர்த்தி, பார்ச்மென்டாகவே சாலைக்குச் சுமந்து வருகிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை நம் மலைக்குடியிருப்பு விவசாயிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

எடையைத் தோட்டத்திலேயே குறையுங்கள்

100 கிலோ அராபிகா காபிப் பழத்தைப் பக்குவப்படுத்தினால் சுமார் 20 கிலோ பார்ச்மென்ட் கிடைக்கும். அதாவது ஐந்து நடையாகச் சுமக்க வேண்டியதை ஒரே நடையில் முடித்துவிடலாம். மேலும், பறித்த பழம் மறுநாளே புளிக்கத் தொடங்குவதால், சந்தையில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. பார்ச்மென்ட் காத்திருக்கும். விலை பேசும் பலம் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

இதில் ஓர் இடைஞ்சல் உண்டு. கீழ்ப்பழனி மலையில் காபி பழுக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. உலர்த்த வெயில் இல்லாததால்தான் பலர் பழமாகவே விற்றுவிடுகிறார்கள். மூங்கிலால் இடுப்பளவு உயரத்தில் பரண் கட்டி, அதன்மேல் வலை விரித்து, மேலே பாலிதீன் தாள் கூரை போட்டால் தூறலிலும் உலர்த்தலாம். காற்று கீழிருந்து மேலாகச் செல்லும், மண்வாடை ஏறாது. பழம் பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும். பத்து வீடுகள் சேர்ந்து ஒரு கைப்பல்பர் வாங்கினால் செலவும் பாரமாகாது.

மிளகிலும் அப்படித்தான். 100 கிலோ பச்சை மிளகு சுமார் 33 கிலோவாக உலரும். உதிர்த்த மிளகை மூங்கில் கூடையில் இட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து உலர்த்தினால் சீக்கிரம் காயும். நல்ல கருமை நிறமும் வரும். வெண்ணெய்ப்பழம் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது. ஆகவே முற்றிய காயை, ஆள் கிடைக்கும் நாள் பார்த்து, காம்போடு பறித்து இறக்கலாம். ஆரஞ்சு இவ்வளவு பொறுமை காட்டாது.

வழிப்பாதைக்கும் சட்டத்தில் இடமுண்டு

பாதை வேண்டும் என்ற கோரிக்கை பெரும்பாலும் மனுவோடு நின்றுவிடுகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை போன்ற தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாத வனநிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையின் பேரில் அனுமதிக்க அது வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. ஆனால் 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வன உயிரினச் சரணாலய எல்லைக்குள் வரும் பாதைகளுக்கு வன உயிரினச் சட்டமும் குறுக்கே வரக்கூடும். எனவே கிராம சபைத் தீர்மானத்தில் பாதையின் நீளம், அகலம், மரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவது நல்லது.

அதே சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வனநிலத்தைப் பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம், அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும், வாரிசுக்குச் சேரும், விற்க முடியாது. ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் சான்றாக ஏற்கப்படும்.

வாழைக்கன்று வாங்கும்போது

பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்பெற்ற விருப்பாட்சி மலைவாழை 2008-ல் புவிசார் குறியீடு பெற்றது. நீர்ச்சத்து குறைந்த பழமாதலால் பஞ்சாமிர்தம் கெடாமல் இருக்க உதவுகிறது. நெடுந்தூரச் சுமையையும் ஓரளவு தாங்குகிறது. இந்த வாழையைத்தான் முடிக்கொத்து நோய் 1970-களுக்குப் பின் மலைமலையாக அழித்தது. 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் நுழைந்த நச்சுயிரி நோய் இது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அது பெரும்பாலும் மனிதர் தோளில், இலவசப் பக்கக்கன்றாகவே போயிற்று.

இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைக் கோடுகள் தெரிவது முதல் அறிகுறி. பின்னர் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கிவிடும்; மரம் குலை தள்ளாது. நோயைப் பரப்புவது வாழை அசுவினி. ஆகவே நோயுற்ற மரத்தை எடுத்தவுடன் வெட்டக்கூடாது. வெட்டினால் அசுவினி அடுத்த மரத்துக்குத் தாவும். முதலில் பரிந்துரைக்கப்பட்ட மருந்தைத் தெளித்து அசுவினியைக் கொன்றபின், கிழங்கோடு தோண்டித் துண்டாக்கிப் புதைக்க வேண்டும்.

புதிதாக நடுவோர், நச்சுயிரி இல்லையெனச் சோதிக்கப்பட்ட திசு வளர்ப்புக் கன்றுகளையே வாங்க வேண்டும். தடியன்குடிசையில் இயங்கும் வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஆலோசனை பெறலாம். ஏப்ரல், மே மாதங்களில் நடவு தொடங்கும் என்பதால், கன்றின் தேவையை முன்கூட்டியே கணக்கிட்டு, பல வீடுகள் சேர்ந்து ஒரே நடையில் சுமந்து வருவது சிக்கனம்.