உள்ளங்கை அளவு பிடிமானம்

1998 ஜனவரி 5ஆம் தேதி கனடாவின் மான்ட்ரியல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் மழை பிடித்துக்கொண்டது. வானத்திலிருந்து இறங்கியது தண்ணீர்தான். தரையையோ மரக்கிளையையோ மின்கம்பியையோ தொட்டதும் அது பனிக்கட்டியாக இறுகியது. 10ஆம் தேதி வரை விட்டு விட்டுப் பெய்த அந்த மழை சில இடங்களில் 100 மில்லிமீட்டர் அளவுக்குச் சேர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எஃகு மின்கோபுரங்கள் பாரம் தாங்காமல் மடங்கி விழுந்தன. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தார்கள். தெருவோரம் நின்ற கார்கள் கூரையிலிருந்து சக்கரம் வரை தெளிந்த பனிக்கட்டி உறைக்குள் அடைபட்டுக் கிடந்தன. அப்படி ஒரு காரை விடுவிப்பது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினால், இயற்பியலின் பாதிப் பாடங்கள் வரிசையில் வந்து நிற்கின்றன.

முதலில், தொட்டால் கல்லாகும் அந்த மழை எப்படி வருகிறது? மேகத்திலிருந்து கிளம்பும்போது அது வெண்பனிதான். வழியில் ஒரு வெதுவெதுப்பான காற்றடுக்கைக் கடக்கும்போது உருகி நீர்த்துளியாகிறது. தரையை நெருங்கும்போது மீண்டும் பூஜ்யத்துக்குக் கீழான குளிர்காற்றுக்குள் நுழைகிறது. மான்ட்ரியலில் நடந்தது இதுவே: செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கனமான குளிர்காற்று தேங்கி நிற்க, தெற்கேயிருந்து வந்த ஈரமான வெப்பக்காற்று அதன் மேலேறிப் படர்ந்தது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் துளி உடனே உறைவதில்லை. நீர் படிகமாவதற்கு ஒரு தூசியோ ஒரு பரப்போ, ஏதாவது ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். மிகத் தூய்மையான சிறு துளியைப் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரியிலும் திரவமாகவே வைத்திருக்கலாம். இப்படி உறையாமல் தாழ்ந்து குளிர்ந்த நீரை மீக்குளிர்ந்த நீர் என்கிறோம். அது தேடிக்கொண்டிருந்த தொடக்கப்புள்ளி, உங்கள் காரின் கூரை.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. ஒரு கிலோ நீர் உறைகையில் வெளியாகும் வெப்பம், அதே அளவு நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடேற்றப் போதுமானது. ஆகவே மைனஸ் 4 டிகிரியில் வந்து விழும் துளியில் இருபதில் ஒரு பங்கு உறைந்ததுமே, வெளியான வெப்பம் மிச்சத்தைப் பூஜ்யத்துக்கு உயர்த்திவிடும். பாக்கி 95 சதவீதம் இன்னும் தண்ணீர்தான். அது வழிந்து, கதவு இடுக்கிலும் கைப்பிடியின் பின்னாலும் வைப்பரின் அடியிலும் டயரின் பள்ளங்களிலும் புகுந்து நிதானமாக உறைகிறது. அவசரமாக உறைந்திருந்தால் காற்றுக் குமிழிகளோடு வெளுத்து, எளிதில் உதிரக்கூடியதாக இருந்திருக்கும். நிதானமே அதைக் கண்ணாடியாகத் தெளியவைத்து, உலோகத்தோடு ஒட்டவைக்கிறது.

அந்த உறையின் எடை எவ்வளவு? நடுத்தரக் கார் ஒன்று மேலிருந்து பார்த்தால் சுமார் 8 சதுர மீட்டர் பரப்பை அடைக்கும். அதன்மேல் ஒரே ஒரு சென்டிமீட்டர் பனிக்கட்டி படிந்தாலும் 70 கிலோவைத் தாண்டும். ஓர் ஆள் எடை! இதை முழுவதும் உருக்க நினைத்தால், குளியலறையில் பயன்படுத்தும் 1.5 கிலோவாட் ஹீட்டர் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக இடைவிடாமல் ஓட வேண்டும். அதிலும் பாதி வெப்பம் காற்றோடு போய்விடும். ஆகவே யாரும் முழுவதும் உருக்க முயல்வதில்லை. காருக்கும் பனிக்கட்டிக்கும் இடையே தாள் கனத்துக்கு ஒரு நீர்ப்படலம் உண்டானால் போதும், உறை பாளம் பாளமாகக் கழன்றுவிடும். உள்ளிருந்து முன்கண்ணாடிக்கு மெல்லச் சூடேற்றுவதன் ரகசியம் இதுதான். கொதிநீரை ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. கண்ணாடியின் வெளிப்பரப்பு சட்டென்று விரிய, உட்பரப்பு குளிர்ந்தே இருக்க, அந்த இழுபறியில் கண்ணாடி விரிசல் விடும்.

உறைந்த பூட்டுக்கும் கதவு விளிம்புக்கும் மருத்துவமனைகளில் கை துடைக்கப் பயன்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் உதவுகிறது. தூய நிலையில் அது மைனஸ் 89 டிகிரியில்தான் உறையும். கொஞ்சம் நீர் கலந்து தெளித்தால் பனிக்கட்டியின் விளிம்பைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

கதவு திறந்தது, எஞ்சினும் ஓடுகிறது. இனிதான் கதையின் சுவையான பகுதி. நூறு குதிரைத்திறன் எஞ்சின், ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவான கார். சாலையைத் தொடுவதோ ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. காரை நகர்த்தும் விசை முழுவதும் அந்த உள்ளங்கைகள் வழியாகத்தான் போயாக வேண்டும். எவ்வளவு விசை போகும் என்பதை உராய்வுக் கெழு என்ற எண் சொல்கிறது. மேலிருந்து அழுத்தும் எடையில் எத்தனை பங்கு பிடிமானமாகக் கிடைக்கும் என்பதே அதன் பொருள். காய்ந்த தார்ச்சாலையில் அது ஏறத்தாழ 0.8. பனிக்கட்டியில் 0.1, சில சமயம் அதற்கும் கீழே. முன்சக்கரங்கள் இழுக்கும் கார் ஒன்றில் அவற்றின்மேல் 840 கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த சாலையில் 670 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அது பாய முடியும். பனிக்கட்டியில் 84 கிலோதான். எஞ்சினின் மிச்ச வலிமைக்கெல்லாம் அங்கே வேலையே இல்லை.

பனிக்கட்டி ஏன் இப்படி வழுக்குகிறது? காரின் எடை அழுத்தி உருக்குகிறது என்ற விளக்கம் வெகுகாலம் பாடநூல்களில் இருந்தது. கணக்குப் போட்டால் அது நிற்காது. உறைநிலையை ஒரு டிகிரி தாழ்த்தவே வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 135 மடங்கு வேண்டும். டயர் தருவது இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். உண்மைக்கு அருகில் முதலில் வந்தவர் மைக்கேல் ஃபாரடே. இரண்டு பனிக்கட்டித் துண்டுகளை ஒன்றோடொன்று தொடவைத்தால் அவை ஒட்டிக்கொள்வதை அவர் கவனித்தார். பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, இரு துண்டுகளுக்கு நடுவே அகப்படும்போது அது உறைந்துவிடுகிறது என்று 1850இல் லண்டனில் சொன்னார். பனிக்கட்டியின் உள்ளே ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. மேற்பரப்பில் இருப்பவற்றுக்குப் பற்ற மேலே ஆளில்லை. அதனால் அவை உறைநிலைக்குக் கீழேயும் அரைகுறைத் திரவம்போல் அசைந்துகொண்டிருக்கின்றன. படலத்தின் தடிமன் சில நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்.

வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்க நெருங்க இந்தப் படலம் தடிக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியைவிட மைனஸ் 1 டிகிரியில் இருப்பதுதான் டயரை அதிகம் வழுக்கவைக்கும். கடுங்குளிர் நாளைவிட, வெயில் தலைகாட்டும் நாளே ஓட்டுநருக்கு ஆபத்தானது.

சிக்கிய கணத்தில் எல்லோருடைய காலும் ஆக்சிலரேட்டரை மிதிக்கத்தான் போகும். சக்கரம் சீறிச் சுழலும், கார் அசையாது. எஞ்சினிலிருந்து 10 கிலோவாட் மட்டும் உராய்வு வெப்பமாக மாறினாலும், அது முழுவதும் பனிக்கட்டிக்குள் போனால் நொடிக்கு 30 கிராம் உருகும். நானோமீட்டர் படலம் நிஜத் தண்ணீராகிவிடுகிறது. சக்கரம் தனக்கென்று ஒரு குழியைத் தோண்டிக்கொண்டு இறங்குகிறது. நிறுத்தினால் அந்தத் தண்ணீர் மறுபடி உறைந்து, குழிக்கு மெருகேற்றிய சுவர்கள் கிடைக்கின்றன. ஆத்திரத்தோடு மிதித்த ஒவ்வொரு நொடியும் சிறையைப் பலப்படுத்துகிறது.

அப்போது பெரும்பாலும் ஒரு சக்கரம் மட்டுமே சுழல்வதைப் பார்க்கலாம். இதற்குக் காரணம் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி. 1820களின் பிற்பகுதியில் அதை வண்டிகளுக்கென வடிவமைத்தவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கைவினைஞர். கார் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் இருந்தால், ஒரு முழு வட்டத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் அந்த வித்தியாசம் மாறாது என்பது எனக்கு இன்னும் வியப்பளிக்கும் வடிவியல். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் ஓட டிஃபரன்ஷியல் வழிவிடுகிறது. ஆனால் முறுக்கு விசையை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசையை, இருவருக்கும் சரிபாதியாகவே பங்கிடும். வழுக்கும் சக்கரத்தால் எவ்வளவு ஏற்க முடியுமோ அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும். ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது இரட்டை வேகத்தில் சுழலும். பல கார்களில் வேகமானி 50 காட்டும்போது சுழலும் டயரின் உண்மை வேகம் 100. கட்டுப்பாடின்றிச் சுழன்ற டயர்கள் வெடித்துச் சிதறியதும் உண்டு.

இந்தச் சமநீதியை ஏமாற்ற ஓர் அருமையான வழி இருக்கிறது: வீணாகச் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுவது. பிரேக்கின் எதிர்ப்பை வெல்ல அந்தப் பக்கம் அதிக விசை வேண்டும், டிஃபரன்ஷியல் அதே அளவை மறுபக்கத்துக்கும் கொடுத்தாக வேண்டும். பிடிமானமுள்ள சக்கரம் உயிர்பெறுகிறது. இன்றைய கார்களின் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இதைத்தான் நொடிக்குப் பலமுறை செய்கிறது. அதே கருவி எஞ்சின் விசையையும் குறைத்துவிடும் என்பதால், குழியிலிருந்து ஆட்டி எடுக்கும்போது அதைச் சற்று நேரம் அணைத்துவைப்பது நல்லது.

ஆட்டி எடுப்பது, அனுபவசாலிகளின் முறை. ஸ்டியரிங்கை நேராக்கி, சக்கரங்களின் முன்னும் பின்னும் பனியைச் சுரண்டிவிட்டு, மெதுவாகச் சில அங்குலம் முன்னே போகிறார்கள். கார் குழியின் சரிவில் ஏறி நின்று பின்வாங்கும் கணத்தில் ரிவர்ஸ். மறுபக்கம் ஏறி நிற்கும் கணத்தில் மறுபடி முன்கியர். ஊஞ்சலில் குழந்தையைத் தள்ளும் அதே கணக்கு இது: நேரம் பார்த்துக் கொடுக்கும் சிறு உந்தல்கள் சேர்ந்து சேர்ந்து ஆட்டம் பெரிதாகிறது. ஒரே மூச்சில் ஏற முடியாத சரிவை, சேமித்த வேகத்தில் கார் ஏறிவிடுகிறது. கியர் கையால் மாற்றும் கார் என்றால் இரண்டாம் கியரில் மென்மையாகக் கிளம்புவது மேல். சக்கரத்துக்குக் குறைந்த விசை போவதே அங்கே லாபம்.

நாலு பேர் வந்து தள்ளினால்? காரின் மொத்தப் பிடிமானமே 84 கிலோ என்கிறபோது, ஆளுக்கு 30 கிலோ தள்ளினால் அது பெரிய உதவி. ஆனால் தள்ளுபவரும் அதே பனிக்கட்டியில்தான் நிற்கிறார். 70 கிலோ எடையுள்ளவரால், உராய்வுக் கெழு 0.1 என்றால், 7 கிலோவுக்கு மேல் தள்ள முடியாது, கால்தான் வழுக்கும். ஆகவே பிடிமானத்துக்காக டயருக்கு அடியில் போடும் மணலை, தள்ளுபவரின் காலடியிலும் போட வேண்டும். நேரே பின்னால் நிற்காமல் ஓரமாக நிற்பதும் அவசியம். மணலுக்குப் பதில் டயருக்கடியில் கால்மிதி வைத்திருந்தால், பிடி கிடைத்த கணத்தில் அது பின்புறம் பறந்துவரும்.

மணல் நீர்ப்படலத்தைத் துளைத்துப் பனிக்கட்டியில் பல் ஊன்றுகிறது. நார்வேயில் இதை ஒரு கலையாகவே ஆக்கியிருக்கிறார்கள்: கொதிநிலைக்கு அருகே சூடாக்கிய நீரை மணலோடு கலந்து சாலையில் தூவுகிறார்கள். சூட்டில் மணல் பனிக்கட்டிக்குள் இறங்கி, அங்கேயே உறைந்து, சாலையே உப்புத்தாளாகிவிடுகிறது.

உப்பு வேறு விதமாக வேலை செய்கிறது. பனிக்கட்டியிலிருந்து மூலக்கூறுகள் ஓயாமல் நீருக்குள் பிரிவதும் திரும்பி ஒட்டுவதுமாக இருக்கின்றன. கரைந்த உப்பு, திரும்பி ஒட்டுவதைக் குறைக்கிறது. உருகல் வெல்கிறது. ஆனால் உப்பு கரையத் தொடங்கவே கொஞ்சம் தண்ணீர் வேண்டுமே? காரை வழுக்கவைத்த அந்த நீர்ப்படலம்தான் உப்புக்கு உள்ளே போகும் வாசல். மைனஸ் 1 டிகிரியில் ஒரு கிலோ உப்பு 45 கிலோ பனிக்கட்டியை உருக்க வல்லது. மைனஸ் 12 டிகிரியில் வெறும் 5 கிலோ. மைனஸ் 21க்குக் கீழே சாதாரண உப்பால் பயனே இல்லை. கனடாவின் சாலை உப்பில் ஒரு பகுதி ஒன்டாரியோவின் காட்ரிச் நகரச் சுரங்கத்திலிருந்து வருகிறது. ஹ்யூரான் ஏரிக்கு அடியில் ஏறத்தாழ 550 மீட்டர் ஆழம். டொராண்டோவின் சிஎன் கோபுரத்தைத் தலைகீழாக இறக்கினால் கிட்டத்தட்ட அடங்கிவிடும். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வற்றிய கடலின் உப்பு அது. ஆனால் உப்பிலுள்ள குளோரைடு சிதைவதில்லை, ஓடைக்கும் ஏரிக்கும்தான் போய்ச் சேர்கிறது. சாலை உப்பு சூழலுக்கு நஞ்சு என்று கனடா அரசின் ஆய்வே 2001இல் முடிவு சொன்னது. ஒரு கைப்பிடி போதுமான இடத்தில் வாளியைக் கவிழ்ப்பது தவறு.

இவ்வளவு பாட்டையும் குறைக்கும் ஏற்பாடு குளிர்கால டயர். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். குளிர்கால ரப்பர் இளகியே இருந்து பனிக்கட்டியின் மேடுபள்ளங்களில் படியும். அதில் கீறப்பட்ட நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் நீர்ப்படலத்தை உறிஞ்சி ஒதுக்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இவை இல்லாமல் கார் ஓட்டுவது சட்டவிரோதம். மற்ற மாகாணங்களும் பின்பற்ற வேண்டிய சட்டம் என்பது என் எண்ணம்.

டொராண்டோவிலோ மான்ட்ரியலிலோ ஆஸ்லோவிலோ உங்கள் பிள்ளையோ தங்கையோ இருந்தால், இந்த ஒன்றை மட்டுமாவது அவசியம் சொல்லிவையுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுமுன் காரின் பின்பக்கம் போய், சைலன்சர் குழாயின் வாயை அடைத்திருக்கும் பனியை அகற்ற வேண்டும். அடைபட்ட குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு காருக்குள் ஏறும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பனிப்புயலுக்குப் பிறகும் வெளியே ஒருவர் பனி வழிக்க, உள்ளே குளிர் காயக் காத்திருக்கும் குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து முதலில் வருகிறது.